மாமியாருக்கு மூச்சு முட்டிய காலை

சோள ரொட்டி தட்டும்போது யார் கூப்பிட்டாலும் நான் திரும்பமாட்டேன். தட்டுகிற தாளம் அறுந்தால் ரொட்டி விளிம்பில் வெடித்துவிடும். அன்று காலை நானாகவே கையை நிறுத்தினேன். உள்ளறையில் பேசிக்கொண்டிருந்த எங்கள் மாமியாரின் குரல் திடீரென்று இழுத்தது. ஒரு சொல்லின் பாதியில் நின்றது, யோசித்தது, மீதியைச் சொன்னது, மறுபடி நின்றது.

எங்களுக்கு நிஜ மாமியார் கிடையாது. நான் இந்தத் தார்வாட் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் சொல்வது என் ஓரகத்தி நீலாம்பிகாவின் கம்ப்யூட்டரை. நீலாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் வருவதையெல்லாம் ஒரு பெண்குரல் வாசிக்கும், அதைக் கேட்டுத்தான் வேலை செய்வாள். எதை அழுத்தினாலும் இன்னதை அழுத்தினாய் என்று சொல்லும், தப்பாக அழுத்தினால் அதையும் விடாமல் சொல்லும். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் நான், "இந்த வீட்ல மாமியார் இல்லாத குறை தீந்துச்சு" என்றேன். நீலா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் குரலை அவள் ஓடவிடுகிற வேகத்தில் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். மிளகாய்ப்பொடி அரைக்கிற மிக்சிதான் ஞாபகம் வரும். அந்த இரைச்சலுக்குள் ஒரு எழுத்து தவறினாலும் அவள் காது பிடித்துவிடும். எங்கள் தெருவில் எந்தக் கல்யாணப் பத்திரிகையும் அவளைத் தாண்டாமல் அச்சுக்குப் போகாது. ஒருமுறை மாப்பிள்ளை பெயரையே தப்பாக அடித்திருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள், பெண் வீட்டாருக்கே தெரியவில்லை. கண்ணால் படிப்பவர்கள் இருக்கவேண்டியதையே படிப்பார்களாம், மாமியார் இருப்பதைத்தான் படிப்பாளாம். இதை நீலா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தக் காதை நம்பித்தான் பெங்களூரில் பாடப்புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்துக்கு எழுதிப்போட்டிருந்தாள். வீட்டிலிருந்தே பிழை திருத்தும் வேலை. பார்வையில்லாதவர் எப்படிப் பிழை பார்ப்பார் என்று முதலில் இழுத்தடித்தார்கள். அவள் விடவில்லை, மாதக்கணக்கில் போன் போட்டு, கடைசியில் ஒரு பரீட்சைக்குச் சம்மதிக்க வைத்தாள். அன்று பதினோரு மணிக்கு அந்தப் பரீட்சை. ஒரு மணி நேரம், கம்ப்யூட்டரிலேயே. பக்கத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக மைக் திறந்தே இருக்கும். இந்த ஒரு தடவைதான், தவறினால் அடுத்தது கிடையாது என்று சொல்லியிருந்தார்கள்.

நான் மாவுக் கையோடு போய் நின்றபோது மாமியார் முழுசாக ஊமையாகியிருந்தாள். மேசைக்கடியில் பெட்டி மட்டும் புஸ் புஸ் என்று இரைந்துகொண்டிருந்தது.

"அக்கா, அந்தத் திரைய ஆன் பண்ணி எனக்குப் படிச்சுக் காட்டுறீங்களா?" என்றாள் நீலா. திரை அவளுக்கு வேண்டாத சாமான், மேலே ஒரு துணி போட்டுத்தான் கிடக்கும். துணியை எடுத்து ஆன் செய்தேன். என்னென்ன வேலை ஓடுகிறது, எது எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் பக்கத்தை அவள் ஏற்கெனவே திறந்திருந்தாள். எல்லாம் இங்கிலீஷ். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன்.

"அக்கா, மாமியாரே தேவல. அவளாவது அரை நிமிசத்துல ஒரு வார்த்தை சொன்னா."

"வாய் நீளமாயிடுச்சுடி உனக்கு" என்றேன். "மேல ப்ராசஸர்னு போட்டு நூறுன்னு இருக்கு. குறையவே மாட்டேங்குது."

"யாரு அதிகமா இழுக்குறா?"

வைரஸ் தேடுகிற ஒன்று எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. நீலா அதை நிறுத்தினாள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஒன்று மேலே வந்தது. அதையும் நிறுத்தினாள். போட்டோக்களை அடுக்குகிற ஏதோ ஒன்று வந்தது. அதுவும் போனது. அப்புறம் மேலே வந்து நின்றது மாமியாரேதான். நூறு நூறாகவே இருந்தது.

என் வீட்டுக்காரர் மல்லேசப்பா விதைக்கடையைத் திறக்கப் போகாமல் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மூத்தவர் தம்பி மனைவியோடு நேருக்கு நேர் பேசமாட்டார், அவள் இருக்கிற அறையில் உட்காரவும் மாட்டார். இந்தக் காலத்தில் யாரும் இதையெல்லாம் பார்ப்பதில்லை. இவர் பார்ப்பார். நீலா வந்து மூன்று தசரா ஆகியும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் என் வழியாகத்தான் போகும், இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லு" என்றார் என்னிடம்.

"பண்ணியாச்சுன்னு மாமாகிட்ட சொல்லுங்கக்கா" என்றாள் நீலா, இரண்டு முழத் தூரத்திலிருந்து.

"ஈரண்ணாவுக்குப் போன் போடச் சொல்லு" என்றார். ஈரண்ணா இவர் தம்பி, நீலாவின் வீட்டுக்காரர்.

"அவரு பாகல்கோட் பஸ்ல இருக்காரு. லேப்டாப்பும் அவருகிட்டதான் இருக்கு. நெட் சென்டர்ல மாமியார் கிடையாது. சொல்லிடுங்க."

மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நானாக இருந்தால் அந்தப் பெட்டியை இரண்டு குத்து குத்தியிருப்பேன், இல்லை அழுதிருப்பேன். நீலா நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். முகத்தை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். என்ன கேட்கிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

"எவன நிறுத்துனாலும் அடுத்தவன் மேல வர்றான்" என்றாள் மெதுவாக. "அப்ப எவனும் திருடன் இல்லக்கா. வேலை எப்பவும் போலத்தான் இருக்கு, செய்யறவனுக்குத்தான் தெம்பு இல்ல. ஜுரத்துல கிடக்கறவனுக்கு ஒரு குடம் தண்ணி தூக்கறதே பெரிய வேலை, இல்லையா? அவன் நூறும் போட்டுத்தான் தூக்கறான்."

எழுந்து மண்டியிட்டாள். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கையைப் பின்பக்கம் கொண்டுபோய்க் காற்று வரும் துளைகளுக்கு முன்னால் பிடித்தாள்.

"உடம்பு கொதிக்குது. உள்ள ஃபேன் உசிரக் கொடுத்துச் சுத்துது, சத்தம் கேக்குதுல்ல? ஆனா வெளிய காத்தே வரல. சூடு தாங்காம அதுவே தன் வேகத்தக் குறைச்சுக்குச்சு. மூக்கடைச்சிருக்கு இதுக்கு."

கண்ணிருந்தும் நான் அத்தனை நேரம் நூறு என்ற எண்ணைத்தான் வெறித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, திருப்புளியால் பின்னாலிருந்த திருகுகளைத் தடவித் தடவிக் கழற்றினாள். ஹூப்ளியில் அவள் படித்த பள்ளியில் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்துபோட்டு எல்லாரையும் தொட்டுப் பார்க்கவிட்டார்களாம். நான் டார்ச் அடித்தேன். "யாருக்குக்கா அது?" என்றாள் சிரித்துக்கொண்டே. "டார்ச் வேணாம். ஒரு பழைய டூத் பிரஷ் இருந்தா கொடுங்க." என் வீட்டுக்காரருடையதைக் கொடுத்தேன். அது பழசா புதுசா என்று நான் யோசிக்கவில்லை.

பக்கப் பலகை வந்ததும் வாடை அடித்தது. ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரர்தான் வீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் பூஜை செய்வார். ஸ்கூட்டர், தராசு, என் ரொட்டிக்கல், மிக்சி, எதையும் விடமாட்டார். போன பூஜைக்கு நீலாவின் பெட்டிக்கும் பட்டை பட்டையாக விபூதி பூசி, முன்பக்கத்துச் சல்லடையை மறைத்துச் செண்டுமல்லி மாலை போட்டிருந்தார். மறுநாள் விஜயதசமிக்கு ஊரே வன்னி இலை மாற்றிக்கொண்டு தங்கமாக இருப்போம் என்று சொல்லிக்கொள்ளும். இவர் பெட்டிக்கும் வன்னி கொடுத்திருக்கிறார், சல்லடைத் துளைகளுக்குள் ஒரு பிடி செருகி. மாலையை நான் அடுத்த வாரம் எடுத்துப் போட்டேன். உள்ளே போனதை யார் பார்த்தது?

நீலாவின் விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தன. காய்ந்த இதழ்கள். விபூதியும் தூசியும் சேர்ந்து கம்பளித் துண்டு போலத் திரண்டிருந்த ஒன்று, அதை அப்படியே உரித்தாள். ஃபேனின் அச்சில் மாலை நூல் சுற்றியிருந்தது. கடைசியில் உள்ளங்கை நிறையச் சின்னச் சின்ன இலைகள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"வன்னி" என்றாள்.

நிலைப்படியில் என் வீட்டுக்காரரின் முகத்தை நான் பார்த்தேன். இருபது வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை அவரிடம் பார்த்ததில்லை. யாரும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், அவளுடைய மெஷின் நன்றாக இருக்கட்டும் என்று செய்த ஒரே காரியம் அது. அவளிடம் பேசாத பேச்சையெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் செருகியிருந்தார் மனுஷன்.

நீலாவுக்கும் புரிந்துவிட்டது. "அக்கா, மாமாகிட்ட சொல்லுங்க" என்றாள். "தங்கமா இருக்கட்டும்னு வெச்சது சரிதான். ஆனா மூக்குக்குள்ள வெச்சா தங்கமும் மூச்சு முட்டும்." அந்த இலைகளைக் கீழே போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நூலை அறுத்து, தகடுகளைப் பிரஷால் தேய்த்து, ஃபேனை விரலால் சுழற்றிப் பார்த்தவள் உதட்டைக் கடித்தாள். ஒரு இறக்கை உடைந்திருந்தது. அரைக் காற்றுதான் வரும். ஒரு மணி நேரம் தாங்குமா என்று அவளுக்கே தெரியவில்லை. பலகையை மூடாமல் விட்டால் கொஞ்சம் தாங்கலாம் என்றாள். நான் மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்தேன். அது போடுகிற சத்தத்துக்கு, மாவு மில்லில் உட்கார்ந்து பரீட்சை எழுதுகிறாள் என்று மைக்கில் கேட்பவர்கள் நினைத்திருப்பார்கள். அணைத்துவிட்டோம்.

பெட்டி மறுபடி எழுந்தது. மாமியார் தடங்கலில்லாமல் பேசினாள், முதலில் நிதானமாக, அப்புறம் மிக்சி வேகத்தில். நீலா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பதினோரு மணிக்குச் சற்று முன்னால் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். மைக் திறந்துவிட்டது.

நான் அடுப்பை அணைத்தேன். தட்டிய ரொட்டியைச் சுடாமல் அப்படியே விட்டேன். தெருக்கதவைத் தாழ் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, என் வீட்டுக்காரர் அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். நீலா இருக்கிற அறைக்குள். கையில் என் கரியடுப்பு விசிறி. அவள் நாற்காலிக்குப் பின்பக்கமாக இழுத்து வைத்திருந்த திறந்த பெட்டியின் முன்னால் குனிந்து, சத்தம் வராமல், குழந்தைக்கு விசிறுகிற மாதிரி விசிறிக்கொண்டிருந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் மைக்கில் விழக்கூடாதே.

நீலாவின் விரல்கள் ஓடின. நின்றன, ஒரு இடத்தில் குத்தின, மறுபடி ஓடின. அந்த வேகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெங்களூர்க்காரர்கள் குரலைக் கேட்கத்தான் மைக் வைத்திருந்தார்கள், அந்த விரல்களைப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது, துணியைத் திரும்பப் போட மறந்திருந்தேன். நீலா மறுபடி திறந்துவைத்திருந்த அந்தப் பக்கத்தின் மூலையில் எண் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஆடியது. அவர் கை மாற்றும்போது அறுபதைத் தொட்டு, விசிறினதும் இறங்கியது.

பாதி நேரம் போயிருக்கும். அவருக்கு இடுப்புப் பிடிப்பு உண்டு. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். விசிறியின் வீச்சு குறைந்தது. நான் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு அடி வைத்தேன். அதற்குள் நீலா, விரல்களை நிறுத்தாமல், முகத்தைத் திருப்பாமல், தன் காலுக்கடியில் வைத்திருந்த முக்காலியைக் குதிகாலால் பின்னுக்குத் தள்ளினாள். அது தரையில் சத்தமில்லாமல் நகர்ந்து அவர் முழங்காலில் வந்து இடித்தது.

அவர் முக்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால், அவர் உட்கார்ந்தார். விசிறி மறுபடி அசைந்தது.