பலகையில்லாத கூட்டம்

மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை. வாசகர் ஒலிபெருக்கியில் அன்றைய பூசைக்கு ஊரார் கொடுத்திருந்த வேண்டுதல் கருத்துகளை வாசித்தார். மரித்த தந்தையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு குடும்பம். மகனுக்குக் கப்பல் வேலை கிடைக்க ஒரு குடும்பம். அடுத்து வந்தது:

"மதுப்பழக்கத்திலிருந்து விடுதலை பெற வேண்டி, ரெக்சனுக்காக, மனைவி விஜிலா."

கோவிலே திரும்பிப் பார்த்தது.

ரெக்சன் விசைப்படகு டிரைவர். குடியை நிறுத்திப் பன்னிரண்டு நாள். ஈரல் கெட்டுவிட்டது, இனித் தொட்டால் உயிருக்கு உறுதியில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குடியை விட்டவர்கள் வாரந்தோறும் கூடும் இடத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதித் தந்திருந்தார். அங்கே பெயர் கேட்கமாட்டார்கள், வாசலில் பலகையும் வைக்கமாட்டார்கள். அந்தத் தாள் சட்டைப்பையில் இருந்தது. மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். விஜிலாவைத் தவிர எவருக்கும் தெரியாமல் போய்வர எண்ணியிருந்தான்.

கோவில் வாசலில் படகின் முதலாளி கிளாட்வின் மறித்தார்.

"ஏலே, நாளைக்கு நீ வர வேண்டாம். மைக்குல பேரு வாசிச்ச குடிகாரன்கிட்ட படகக் குடுத்தா ஊரு சிரிக்கும்."

"மொதலாளி, ஒம்போது வருசமா குடிச்சிட்டுத்தான ஓட்டுனேன்? மீன் எறக்குன அன்னைக்கெல்லாம் பாட்டில் வாங்கித் தந்ததே நீங்கதான?"

"அப்ப எவனும் மைக்குல சொல்லலியே!"

குடித்துவிட்டுச் சுக்கானைப் பிடித்த வரையில் அவன் டிரைவர். குடியை விட முனைந்த காலையில் அவன் குடிகாரன்! எந்தச் சட்டம் எழுதிய நீதி இது? ஊற்றிக் கொடுத்த கைக்குக் கோவில் வாசலில் வணக்கம். குவளையைக் கீழே வைத்த கைக்கு வேலை இல்லை. அந்த வாசலில் நின்ற நூறு பேரில் ஒருவருக்கும் இது அநியாயமாகப் படவில்லை.

வீட்டில் விஜிலா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, யாரக் கேட்டு எம் பேரக் குடுத்த?"

"எங்க அம்மைக்கு மூட்டுவலின்னு பூசைக்குக் கருத்துக் குடுத்தேன். அன்னைக்கு யாரும் சிரிக்கல. இதுவும் நோய்தானன்னு நெனச்சேன்."

"என்னைய தெருவுல நிறுத்திட்டியே!"

"தெருவுல விழுந்து கெடந்தப்ப வராத மானம் இப்ப வந்துட்டாக்கும்!" அவள் அரிவாள்மணையைத் தள்ளிவைத்தாள். "கூட்டத்துக்குப் போவீயளா மாட்டீயளா, அத மட்டும் சொல்லுங்க."

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினான்.

நாலரை மணிக்குத் தாளைப் பிடித்துக்கொண்டு நகரத்துக்குள் அலைந்தான். 'நூலகத்துக்குப் பின்சந்து, மாடியறை.' சந்து இருந்தது. நூலகத்தைக் காணோம். மருத்துவர் எழுதியிருந்த எண்ணை அழைத்தால் எவரும் எடுக்கவில்லை. முனையில் ஒரு தேநீர்க்கடை.

"அண்ணாச்சி, குடிய விட்டவங்க கூட்டம் ஒண்ணு இங்கன நடக்குதாமே?"

"குடிக்கிறவங்க கூட்டம்னா காட்டுதேன். அந்தா, பச்சை போர்டு." கடைக்காரர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "ஏலே, ஒங்கள்ல எவனாவது விட்டிருக்கியாலே?"

பெஞ்சு குலுங்கிச் சிரித்தது.

"டீ வேணுமா? வேண்டாம்னா வழிய விட்டு நில்லும்."

இன்னும் மூன்று பேரிடம் கேட்டான். மூவரும் சிரித்தார்கள். மூவரும் அந்தப் பச்சைப் பலகைக்குத் தவறாமல் வழி சொன்னார்கள். நஞ்சு விற்கும் இடம் இந்த நகரத்தின் குழந்தைக்கும் தெரியும். நஞ்சை உமிழ்ந்தவன் போய் உட்கார ஓர் அறை எங்கே என்றால், படித்தவனுக்கும் தெரியாது, பக்திமானுக்கும் தெரியாது!

ஐந்தே முக்கால் ஆயிற்று. அவன் கால்கள் பச்சைப் பலகையின் கீழிருந்த வரிசையில் போய் நின்றன. முன்னால் நான்கு பேர். மூன்று பேர். நாக்கு வறண்டது. தாளை மட்டும் இன்னும் கையில் பிடித்திருந்தான்.

சுவரோரம் காலியான புட்டியுடன் குந்தியிருந்த ஒருவன் அந்தத் தாளை எட்டிப் பறித்துப் படித்தான்.

"இந்த அட்ரஸா! நூலகத்த இடிச்சு ரெண்டு வருசமாச்சு. கூட்டம் இப்ப ஐஸ் கம்பெனிக்கு எதுத்தாப்புல, நீலக் கதவு."

"ஒமக்கு எப்பிடித் தெரியும்?"

"நாலு வாட்டி போயிருக்கேன். நாலு வாட்டியும் இங்கனதான் திரும்பி வந்தேன். நீரும் வருவீரு. போயிட்டு வாரும், பக்கத்துல எடம் போட்டு வைக்கேன்."

"எடத்த நீரே வச்சுக்கிடும்!" ரெக்சன் தாளைப் பிடுங்கினான். அவனுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் நின்றார். வரிசையை விட்டு விலகி ஓடினான்.

நீலக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே ஏழு நாற்காலிகள், ஆறு பேர். பேச்சு நின்றது. மூச்சிரைக்க வாசலிலேயே நின்ற ரெக்சனுக்கு அந்த முகங்களைப் பார்த்ததும் காலையிலிருந்து அடக்கியதெல்லாம் பொங்கியது.

"எனக்கு ஒங்க யாரையும் தெரியாது. புடிக்கவும் இல்ல. போக வேற எடமில்லன்னு வந்தேன்."

மூலையிலிருந்த நரைத்த ஆள் காலால் காலி நாற்காலியை முன்னே தள்ளினார்.

"எங்களுக்கும்தான் ஒருத்தர ஒருத்தர் புடிக்காது. உக்காரும்."

ரெக்சன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். உட்காரவில்லை.

"கூட்டம் எப்ப முடியும்?"

"ஏழு மணிக்கு."

"பிராந்திக்கடைய பத்து மணிக்குத்தான மூடுவான்? அந்த மூணு மணி நேரம் நான் எங்க போக?"

எவரும் சிரிக்கவில்லை. நரைத்த ஆள் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இன்னைக்குப் பத்தரைக்குத்தான் பூட்டுவோம்."

ரெக்சன் உட்கார்ந்தான்.