கரடிச்சோலைக்கு ஜீப் வேண்டாம்

குற்றாலத்தில் வள்ளித்தாய்க்கு எதிரிகள் முளைக்க ஒரே ஒரு பேச்சுப் போதுமாக இருந்தது. அருவிக்கு மேலே இருக்கிற கரடிச்சோலைக் காட்டுக்குள் இனி ஜீப்பும் கடையும் கூடாது, குளிக்கப் போகிறவர்கள் நடந்து போய் வரட்டும் என்று வனத்துறை கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டது. அந்தக் கூட்டத்தில் இவள் எழுந்து, "அதுதான் சரி" என்று சொல்லிவிட்டாள். சீசனுக்கு ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்றுப் பிழைக்கிறவளுக்கு இந்த வாய் எதற்கு?

வியாபாரிகள் சங்கத் தலைவர் சுடலையாண்டி கூட்டம் நடந்த இடத்தின் வாசலிலேயே மறித்தார். காட்டுக்குப் போகிற ஜீப்பெல்லாம் அவருடையது. சிப்ஸ் கடைகளும் உண்டு.

"ஏட்டி, இருக்க கொப்பையே வெட்டுதியோ?"

"காடு போச்சுன்னா சாரலும் போச்சு அண்ணாச்சி. பொறவு யாருக்கு சிப்ஸ் விப்பிய?"

"இந்த சீசனுக்கு ஒனக்கு எடம் கெடையாது."

சொன்னபடியே செய்தார். அருவி ரோட்டில் அவள் வருஷா வருஷம் கூடை வைக்கிற இடத்தில் அவருடைய தள்ளுவண்டி நின்றது. பக்கத்துக் கடைக்காரிகள் சில்லறைகூட மாற்றித் தரவில்லை. சீசனில் விற்றால்தான் அவள் வீட்டில் வருஷம் முழுக்க உலை கொதிக்கும்.

அதிகாரிகள் காட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் சுடலையாண்டி ஆட்களை அனுப்பிச் சுத்தம் செய்தார். சுத்தம் என்றால் நம்மூர்ச் சுத்தம். பாட்டில், ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் கவர் எல்லாவற்றையும் வழித்து, வறண்டு கிடந்த ஓடைக்குள் தள்ளிவிட்டார்கள். ஓடையில் போட்டது ஓடையோடு போய்விடுமாம். எங்கே போகும் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. வந்த அதிகாரிகளும் பளிச்சென்று இருக்கிறதே என்று திரும்பிப் போனார்கள்.

அந்த வாரமே சாரல் பிடித்துக்கொண்டது. அருவியில் முதல் தண்ணீர் விழுந்தால் சங்கத்தார் பூசணிக்காய் உடைப்பார்கள். தலைவர்தான் முதலில் தலை நனைக்க வேண்டும். சுடலையாண்டி உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, மேளச் சத்தத்தோடு அருவிக்கடியில் போய் நின்றார். காட்டில் தள்ளிய குப்பை மொத்தமும் அவர் தலையில் வந்து இறங்கியது.

"அவ வேலைதாம்லே இது. ஆள் விட்டுப் போட்டிருக்கா," என்று கத்தினார்.

வள்ளித்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். அவர் தோளில் ஒட்டியிருந்த சிப்ஸ் கவரை உரித்து விரித்துக் காட்டினாள். அதில் அச்சடித்திருந்த படத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு அவரே சிரித்தார்.

"நான் போட்டா மங்குஸ்தான் தோலுதான் அண்ணாச்சி, மக்கிப் போவும். இது ஒங்க மூஞ்சி. மக்காது."

யாரும் சிரிக்கவில்லை. கூடை வைக்க இடமும் விடவில்லை. வள்ளித்தாய் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தென்காசிப் பக்கம் நடந்தாள். அந்தக் கவரை மட்டும் மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். வனத்துறையின் அடுத்த கூட்டத்துக்கு அது வேண்டியிருந்தது.