நகத்தில் ஒரு வேலியோரப் பூ

டிக்கெட் வாங்கக் கவுண்டருக்குள் நீண்ட கையை அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். மோதிர விரல் நகத்துக்குள் ஒரு நீலப் பூ. மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இதழும் நரம்பும் அப்படியே தெரிந்தன.

“வரைஞ்சதாங்க?”

“இல்ல மேடம், நிஜப் பூ. காய வச்சு வீட்லயே ஒட்டினேன்.”

எப்படி ஒட்டினீர்கள் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பின்னால் நின்றவர், “பஸ் கிளம்புதும்மா, பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்” என்று சத்தம் போட, அந்தக் கை சில்லறையோடு போய்விட்டது.

பேருந்து நிலையத்தில் பதினாறு வருடமாக டிக்கெட் கொடுக்கிறாள். ஒரு நாளைக்கு ஆயிரம் கையாவது கண்ணில் படும். எதுவும் இப்படி அவள் மண்டையைக் குடைந்ததில்லை. பூ வாடாமல் எப்படி இருக்கும்? நகம் வழவழப்பாயிற்றே, இதழ் தூக்கிக்கொண்டு நிற்காதா?

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது, காம்பவுண்டுச் சுவர் ஓரம் முளைத்திருந்த களைச்செடியில் ஒரு பூவைக் கிள்ளினாள். நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றி ஐந்து வெள்ளை இதழ். சட்டைப் பொத்தானில் பாதிகூட இல்லை. நகத்தில் வைத்து, நிறமில்லாத நெயில் பாலிஷை மேலே இரண்டு முறை பூசிவிட்டுப் படுத்தாள். விடிந்து பார்த்தால் டீத்தூள் ஒட்டின மாதிரி இருந்தது.

புருஷனிடம் விரலை நீட்டினாள். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். தெருவே அவரை வாட்ச்காரர் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் அவளும் அப்படித்தான்.

“பச்சைப் பூவை வச்சு மூடிட்டியா? ஈரம் உள்ளயே மாட்டிக்கிச்சு” என்றார் அவர். “வாட்ச் கண்ணாடிக்குள்ள ஆவி பிடிக்குமே, அந்தக் கதைதான். முதல்ல ஈரத்தை எடுக்கணும்.”

“அதை எப்படிங்க எடுக்கிறது?”

“கடைக்கு வா. வழி இருக்கு.”

வழி என்பது, புது வாட்ச் பெட்டிகளோடு வரும், ‘தின்னக் கூடாது’ என்று அச்சடித்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். அவர் அதில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. ஒரு டப்பா நிறைய இருந்தன. அதே செடியில் பறித்து வந்த பன்னிரண்டு பூக்களை மெல்லிய காகிதத்துக்குள் தட்டையாக வைத்து, பொட்டலங்களுக்கு நடுவே அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார்கள். “அஞ்சு நாளைக்கு யாரும் திறக்கக் கூடாது” என்று சட்டம் போட்டவரே மூன்றாம் நாள் திறந்து பார்த்துக் கையும் களவுமாக அகப்பட்டார்.

“ஏங்க, உங்களுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?”

“சும்மா... நிறம் போயிடுச்சான்னு பார்த்தேன்.”

நிறம் போகவில்லை. ஐந்தாம் நாள் கடை மேசையில் விளக்கைத் தாழ்த்திவைத்து, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காகிதத்தைப் பிரித்தாள். பிடித்த மூச்சு தும்மலாக வெளியே வந்தது. ஏழு பூக்கள் பறந்து, பிரித்துப் போட்டிருந்த ஒரு வாட்சின் பல்சக்கரங்களுக்கு நடுவே போய் விழுந்தன.

“வாட்ச்காரர் வீட்டம்மா பண்ற வேலையா இது!” என்று தலையில் கை வைத்தார் அவர். பிறகு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். நான்காவது பூவில் கை நின்றுவிட்டது.

“என்னங்க, உடைஞ்சிடுச்சா?”

“பேசாம இரு.” இடுக்கியை விளக்குக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். “ஏம்மா, இது ஒரு பூ இல்ல.”

“பின்ன, பூசணிக்காயா?”

“நீயே பாரு.”

லென்ஸை அவள் கண்ணில் மாட்டிவிட்டார். முதலில் எல்லாம் மங்கல். பிறகு மஞ்சள் பொட்டு துலங்கியது. அது பொட்டே அல்ல, ஒரு கூட்டம்! குழல் குழலாய் மஞ்சள் பூக்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் ஐந்து பல்லாக விரிந்த இதழ். இந்தச் செடியைத் தினம் இரண்டு முறை தாண்டிப் போகிறாள். செருப்பில் ஒட்டிய இலையை அதன்மேலேயே தேய்த்திருக்கிறாள்.

எத்தனை என்று எண்ணினார்கள். அவளுக்கு முப்பத்தொன்று வந்தது, அவருக்கு முப்பத்து நான்கு. “உங்களுக்கு வயசாயிடுச்சு, ரெண்டு ரெண்டா தெரியுது” என்றாள். “அப்படின்னா அறுபது வந்திருக்கணுமே” என்றார் அவர். மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் ஒத்துவரவில்லை.

மோதிர விரலில் முழுப் பூவை வைத்தார்கள். அடிப் பூச்சு பாதி காய்ந்து பிசுபிசுக்கும்போது வைத்து, இடுக்கி முனையால் இதழ்களை அமுக்கி, மேலே இரண்டு பூச்சு. இதழ் தூக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். வாட்ச்காரர் விடவில்லை. கூட்டத்திலிருந்து ஒரே ஒரு மஞ்சள் குழலை உருவி எடுத்து, அவள் சுண்டு விரல் நகத்தின் நடுவில் நிறுத்தினார். அவள் கையை அவர் அவ்வளவு நேரம் பிடித்திருந்தது கல்யாணமான புதிதில்கூட இல்லை. அவரோ நகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கணக்குப் பார்க்க வந்த மேற்பார்வையாளர், “சுண்டு விரல்ல என்னம்மா, மஞ்சள் கறையா?” என்றார். வரிசையில் ஒருவர் நகர்ந்து நிற்காவிட்டாலும் சீறி விழுகிற மனிதர்.

“பூ சார்.”

“எங்க?” கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், குனிந்தார். “ஒண்ணும் தெரியலியே.”

“லென்ஸ் வேணும் சார். வீட்டுக்காரர் கடையில இருக்கு.”

“ம்ஹூம்” என்று போய்விட்டார். திட்டத்தான் போகிறார் என்று அன்று முழுக்கச் சுண்டு விரலை மடக்கிக்கொண்டே டிக்கெட் கொடுத்தாள்.

மாலையில் அவள் கடையில் இருக்கும்போது வாசலில் மேற்பார்வையாளர் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து டிக்கெட் ரோல் காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஊதா நிறத்தில், பெயர் தெரியாத ஏதோ ஒரு செடியின் பூ.

“பஸ் ஸ்டாண்டு பின்னால கிடந்துச்சு” என்றார், யாரையும் பார்க்காமல். “இதுக்குள்ள எத்தனை இருக்குன்னு பார்க்கலாமா?”

வாட்ச்காரர் உள்ளே போய் இன்னொரு ஸ்டூலை எடுத்து வந்தார்.