வாத்து ஜெயித்தவர்

“சொல்லாம பெட்டிய மூடக் கூடாது. அவ்வளவுதான் நான் சொல்வேன்.”

“இன்னும் யாருக்குச் சொல்லணும், அத்தை? தெருவுக்கே தெரியும். தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.”

“கும்பாரேக்குச் சொன்னியா?”

“எந்தக் கும்பாரே?”

“கேக்குறான் பாரு! ஒங்கக்காவோட ஞானத்தகப்பன்தான்டா ஒங்கப்பாவுக்குக் கும்பாரே. கோயில் ஏட்டுல யாரு பேரு எழுதியிருக்கு?”

“ஐயோ அத்தை, அது டிவியில வந்த ஆளு! அந்தக் காலத்துல பாதி பிலிப்பைன்ஸுக்கு அவருதான் கும்பாரே. மீதிப் பாதிக்கு மாமா.”

வாசலில் தார்ப்பாய் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் பெட்டியின் நினைவு வந்தவர்களைப் போல ஒவ்வொருவராகத் தலை குனிந்து கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்கள்.

லிகாயா பெட்டியின் தலைமாட்டில் நின்று அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் அப்பா அன்செல்மோ, பயணிகள் ஜீப் ஓட்டிய காலத்தில் ஒருநாளும் போடாத மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கண்ணாடிமேல் கண்ணீர் விழக் கூடாது. விழுந்தால் போகிறவருக்குக் கால் எழாது. அதனால் வந்தவர்கள் எல்லாம் ஓரடி தள்ளி நின்றே அழுதார்கள். ஆனால் மூச்சை யார் தடுப்பது? ஆவி படிந்துகொண்டே இருந்தது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்பாவின் தங்கை சோலெங் அத்தையும், லிகாயாவின் தம்பி ஆர்னெலும். பெட்டியைச் சிமெண்ட் கற்களின்மேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். மலபோனில் இந்த மாதத்தில் மத்தியானம் தாண்டினால் கடல் யாரையும் கேட்காமல் தெருவுக்குள் வந்துவிடும். தண்ணீர் ஏறுவதற்குள் கல்லறைக்குப் போய்ச் சேர வேண்டும். உச்சிவேளை ஜெபம் முடிந்ததும் மூடிவிடுவோம் என்று பெட்டிக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அத்தைக்குத் தெரியாத ஒன்று லிகாயாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில், நாக்கு குழறத் தொடங்கியிருந்த கடைசி நாளில், அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

“கும்பாரேகிட்ட... சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேம்ப்பா.”

“வர்றேன்னாரா?”

“வர்றேன்னாரு.”

அவர் முகம் தெளிந்தது. சீப்பு எங்கே என்று கேட்டார். அவள் வாரிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டவர் அதன் பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

கார்டிங் மொந்தேமாரை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ‘மத்தியான மகிழ்ச்சி’ ஓடிய காலத்தில் அவரைத் தெரியாதவர்கள் பிறக்காத குழந்தைகள் மட்டும்தான். மெல்லிய மீசை, வெள்ளைக் காலணி. கடிகார முள் இரண்டும் ஒட்டிக்கொண்டதும் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து, “சோறு வெந்துருச்சா?” என்பார். “வெந்துருச்சு!” என்று வீட்டுக்கு வீடு குரல் எழும். டிவி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு சொல்வார்கள். அன்செல்மோ அந்த நேரத்துக்கு எங்கே டிவி கண்ணில் படுகிறதோ அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் ஜீப்பை நிறுத்திவிடுவார். ஏறியிருக்கிறவர்கள் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே இறங்கி, அவருக்கு முன்னால் போய் நல்ல இடம் பிடித்து உட்கார்ந்துகொள்வார்கள்.

ஒருநாள் குலுக்கலில் அவர் பெயரே வந்தது. மேடையில் மூன்று மூடு கூடைகள். கூட்டத்தில், லிகாயாவை வயிற்றில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்த பாசிங், “நடுக்கூடை! நடுக்கூடை!” என்று கத்தினாள். அன்செல்மோ ஓரக்கூடையைத் தூக்கினார். உள்ளேயிருந்து ஒரு வாத்து எழுந்து, மேடை முழுக்க நடந்து, மொந்தேமாரின் வெள்ளைக் காலணியைக் கொத்தியது. நடுக்கூடையில் இருந்தது தையல் மிஷினுக்கான சீட்டு. பாசிங் ஓவென்று அழுதுவிட்டாள். மொந்தேமார் மேடையிலிருந்து இறங்கி வந்து கைக்குட்டையை நீட்டினார்.

“அழாதீங்கம்மா. வயித்துல இருக்குற புள்ளைக்கு நான்தான் ஞானத்தகப்பன். பொண்ணாப் பொறந்தா நம்ம நிகழ்ச்சி பேரையே வெச்சிருங்க. என்ன கும்பாரே, சரிதானே?”

அரங்கமே எழுந்து கைதட்டியது. உடனே சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

மற்றவர்களுக்கு அது பேச்சு. அன்செல்மோவுக்கு அது வாக்கு. பிள்ளைக்கு மகிழ்ச்சி என்றே பெயர் வைத்தார்: லிகாயா. ஞானஸ்நானத்துக்கு மொந்தேமாருக்கு ஆள் அனுப்பினார், அவர் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை அவர் இடத்தில் நிறுத்தி, ஏட்டில் மொந்தேமார் பெயரையே எழுதவைத்தார். வாத்தைக் கடைசிவரை அறுக்கவிடவில்லை. அது தானாகச் செத்த பிறகு ஜீப்பின் நெற்றியில் அதை மஞ்சள் சாயத்தில் வரைந்தார். பாசிங் தையல் மிஷினைப் பற்றிக் குத்திக் காட்டும்போதெல்லாம் அவருக்கு ஒரே பதில்தான்: “மிஷின் துருப்பிடிக்கும். கும்பாரே துருப்பிடிப்பாரா?”

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் லிகாயாவுக்குப் புதுக் கவுன் போட்டு, ஞானத்தகப்பன் கையை நெற்றியில் வைத்து ஆசி வாங்க அந்தப் பெரிய வீட்டுக்கு அழைத்துப்போவார். காவல்காரர் கம்பிக் கதவு வழியே ஒரு ஆப்பிளை நீட்டுவார். “ஐயா தூங்குறாரு.” சரி, அடுத்த வருஷம். வெட்கம் தெரிகிற வயது வந்ததும் லிகாயா வரமாட்டேன் என்றுவிட்டாள். அவர் வற்புறுத்தவில்லை. தனியாகப் போய், ஆப்பிளோடு திரும்பி வந்தார்.

“லிகாயா.”

அம்மா பெட்டியருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் அவள் அதிகம் பேசவில்லை.

“நீ போயிட்டு வா.”

“எங்கம்மா?”

“அந்த டிவிக்காரர் வீட்டுக்கு.”

“அவரு வரமாட்டாரும்மா. உயிரோட இருக்காரோ என்னவோ.”

“வரச் சொல்லவா சொன்னேன்? சொல்லிட்டு வான்னேன். கும்பாரே செத்தது கும்பாரேக்குத் தெரியணும்.”

ஆர்னெல் ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்துவிட்டுத் தன் தலைக்கவசத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினான். “முக்குல எதிர்வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளோட நிக்கிறான். வேகமா ஓட்டுவான், இறுக்கிப் புடிச்சுக்கோ.”

லிகாயா சொல்லிக்கொள்ளாமல் இறங்கினாள். யாரும் வாசல்வரை வரவில்லை. சாவு வீட்டிலிருந்து போகிறவர்களை வழியனுப்பும் வழக்கம் இல்லை.

சாவு வீட்டிலிருந்து நேராக இன்னொரு வீட்டுக்குள் நுழையவும் கூடாது. பாதி வழியில் ஒரு ரொட்டிக் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தேவையில்லாமல் ஒரு பை ரொட்டி வாங்கினாள்.

கதவு அதே கம்பிக் கதவு. காவல்காரர் இல்லை. கீழ்த்தளத்தை ஏதோ மொழி கற்றுத்தரும் பள்ளிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பக்கவாட்டுப் படியில் ஏறினாள். ஒரு பெண் கதவைத் திறந்தாள். பெரியவரின் அண்ணன் மகள் மெர்லி.

“எந்த சேனல்?”

“சேனல் இல்ல. நான் அவரு ஞானமக.”

மெர்லி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அப்படிச் சொல்லிட்டு ஒருத்தர் வந்து ரொம்ப காலமாச்சு” என்று சொல்லி வழிவிட்டாள்.

ஜன்னலோர நாற்காலியில், பனியனும் கால்மேல் போர்வையுமாக உட்கார்ந்திருந்தார் கார்டிங் மொந்தேமார். மீசை இல்லை. லிகாயா அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் முறை. கை காகிதம்போல் இருந்தது.

“நினோங்” என்று ஞானத்தகப்பனை அழைக்கும் முறையில் அழைத்தாள். “நான் லிகாயா. மலபோன் அன்செல்மோ மக. அப்பா இறந்துட்டாரு. இன்னிக்கு அடக்கம்.”

“சாவு வீட்டுலேர்ந்தா வர்ற? வழியில எங்கயாவது நின்னியா?”

“ரொட்டிக் கடையில.”

“நல்லது. என் வயசுல அதெல்லாம் கவனமா இருக்கணும். மெர்லி, அந்த ரொட்டிய வாங்கு.” பிறகு அவர் முகம் மாறியது. உள்ளே எங்கோ ஒரு விளக்கைப் போட்டதுபோல் குரலில் பழைய மினுக்கு வந்தது. “அன்செல்மோ! நம்ம அன்செல்மோ! மறக்க முடியுமா? அந்த குண்டு மனுஷன், அந்தச் சிரிப்பு...”

“அவரு ஒல்லி, நினோங்.”

“ஒல்லி. ஆமா, ஒல்லி. மூங்கில் மாதிரி.”

கீழே வகுப்பில் பிள்ளைகள் ஏதோ ஒரு வாக்கியத்தைச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்து விளக்கு மெல்ல அணைந்தது.

“கோவிச்சுக்காதம்மா. வாரத்துக்கு ஒரு பொம்பள அழுவா. அழுகையோட விளம்பரத்துக்குப் போகக் கூடாதுன்னு இயக்குநர் உத்தரவு. வாயில வந்ததச் சொல்லிருவேன். வயித்துப் புள்ளைன்னா நான்தான் ஞானத்தகப்பன், கன்னிப் பொண்ணுன்னா நான்தான் மாப்பிள்ளைத் தோழன். ஊரெல்லாம் எனக்குப் புள்ளைங்க.” சிரிக்கப் பார்த்தார். “உங்கப்பா என்ன ஜெயிச்சாரு?”

“வாத்து.”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“ஜீப் நெத்தியில வாத்து போட்டிருக்குமா?”

“ஆமா.”

“கிறிஸ்துமஸ்னா கதவுக்கு வெளிய நிறைய பேர் நிப்பாங்க. நிகழ்ச்சி நின்ன பிறகு கொஞ்சம் பேர். அதுக்கப்புறம் அந்த ஜீப் மட்டும்தான். இறங்கினதும் கண்ணாடியப் பார்த்துத் தலைய வாரிக்குவாரு. மொதல்ல ஒரு சின்னப் பொண்ணோட வருவாரு. அப்புறம் தனியா.” அவர் குரல் தணிந்தது. “காவல்காரன் போன பிறகு மெர்லிகிட்ட ஆப்பிள் குடுத்து விடுவேன்.”

“இங்கேர்ந்தே பார்த்துட்டு இருந்தீங்களா?”

“இங்கேர்ந்துதான்.”

“ஒரு நாள் இறங்கி வந்திருக்கலாமே, நினோங்.”

“வந்து என்ன பேசுறது? கேமரா இல்லாம எனக்குப் பேச வராதும்மா.”

லிகாயா ஜன்னல் வழியே கீழே கம்பிக் கதவைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கண்ணாடிமேல் இந்நேரம் ஆவி படிந்திருக்கும், அத்தை துடைப்பாளா என்றுதான் தோன்றியது.

“இப்ப வாங்க” என்றாள். “தூக்கிட்டுப் போக ஆள் கூட்டிட்டு வர்றேன்.”

அவர் போர்வையை விலக்கிக் காட்டினார். ஒரு கால் முழங்காலோடு முடிந்திருந்தது. மற்றது வீங்கிப் பளபளத்தது. “படி எனக்கு முடிஞ்சு போச்சும்மா. நாளைக்கு ரத்தம் சுத்தம் பண்ற நாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக நாலு பேர் வருவாங்க. இன்னிக்கு நீ ஆள் தேடிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிரும்.”

கைப்பையில் போன் நடுங்கியது. ஆர்னெல். அவள் எடுத்ததும் திரையில் தார்ப்பாய் தெரிந்தது, பிறகு அத்தையின் மூக்கு.

“அக்கா, எங்க இருக்க? சாமியார் முடிக்கப் போறாரு. தண்ணி முக்குவரைக்கும் வந்துருச்சு. பெட்டிக்காரர் அவசரப்படுத்துறாரு.”

“ஆர்னெல், போன அப்பாகிட்டக் கொண்டு போ.”

“என்ன?”

“கண்ணாடிக்கு மேல பிடி. நேரா பிடி.”

மொந்தேமாருக்குப் புரிந்துவிட்டது. கை தானாகத் தலைக்குப் போயிற்று. “மெர்லி, சட்டை” என்றார். மெர்லி ஓடிவந்து பனியனுக்கு மேலேயே ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். இருந்த கொஞ்சம் முடியை உள்ளங்கையால் படிய வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். லிகாயா அவர் அருகே மண்டியிட்டுப் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

திரை ஆடியது. சீட்டு மேசை, மெழுகுவர்த்தி, யாருடையதோ முழங்கை. பிறகு கண்ணாடி. ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. ஒரு கை வந்து துடைத்தது. சின்னத் திரைக்குள் அன்செல்மோவின் முகம் தெளிவாக வந்து நின்றது.

“எல்லாரும் சும்மா இருங்க!” என்று அத்தை யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. பிரார்த்தனை நின்றது. அங்கே கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது இங்கே வரைக்கும் தெரிந்தது. லிகாயாவின் கை வலித்தது. மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் திரையிலிருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு பிரிந்தது. கீழே வகுப்பு விட்டுப் பிள்ளைகள் படியோரம் இரைந்துகொண்டு போனார்கள்.

போனுக்குள்ளிருந்து, பெட்டிக்குப் பக்கத்திலிருந்து, அம்மாவின் குரல் கேட்டது.

“கும்பாரே, மூடப் போறாங்க. அவருகிட்ட ஏதாவது சொல்லுங்க.”