தெற்குச் சுவர்

கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊதி ஆறவைத்துக்கொண்டிருந்தாள் பாலாம்பாள். அப்போதுதான் கூடத்திலிருந்து மகள் கனகலக்ஷ்மியின் குரல் வந்தது. அலறலும் இல்லை, அழுகையும் இல்லை. "அப்பா" என்று ஒரே ஒரு தடவை, ஏதோ சந்தேகம் கேட்பதுபோல. கரண்டியைக் கீழே வைக்கத் தோன்றாமல் அதோடேயே பாலாம்பாள் கூடத்துக்கு வந்தாள்.

கைலாசநாதன் கண்ணைத் திறந்தபடியே போயிருந்தார். முகம் சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது.

அவரோடு அவள் பேசி ஒன்பது மாதமாகியிருந்தது.

பேசவில்லையே தவிர வேறெதிலும் குறை வைத்ததில்லை. மார்ச்சளி கண்டு அவர் படுத்த இந்தப் பன்னிரண்டு நாளும் தவிட்டு ஒத்தடம் கொடுத்தவள் அவள்தான். சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால் கூடத்துத் தூணிடம் சொல்வாள். "ரசம் ஆறிண்டிருக்கு" என்று தூணிடம் சொன்னால் அவர் வந்து மணையில் உட்காருவார். "உப்பு ஒரு கல் கூட" என்று அவரும் தூணையே பார்த்துச் சொல்வார். நஞ்சன்கூட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த கனகலக்ஷ்மி அப்பாவைப் பார்க்க வந்த முதல் நாள் இதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை.

இன்று காலை, இந்தக் கரண்டிக் கஞ்சியை வாயில் விடும்போது, "கொஞ்சம் முழுங்குங்கோ" என்று நேராகவே சொல்லிவிடுவது என்று பாலாம்பாள் முடிவு செய்திருந்தாள்.

கஞ்சி ஆறிப்போயிற்று.

எல்லாம் ஒரு கோட்டினால் வந்தது.

பிளேக் வந்து மைசூர் பாதி காலியான வருஷத்துக்குப் பிறகு, ஊரைச் சீர் செய்ய ஒரு போர்டு வைத்தார்கள். காற்று புகாத சந்துகளை இடித்து அகல ரோடு போடுவது அதன் வேலை. கைலாசநாதன் அங்கே நில அளவைக்காரர். ஒரு சாயங்காலம் ஆபீசிலிருந்து சுருட்டி எடுத்துவந்த படத்தைக் கூடத்தில் விரித்து, நாலு மூலையிலும் நாலு டம்ளரை வைத்தார்.

"இங்கே பார் பாலா. மார்க்கெட்டிலேர்ந்து கிளம்பறது. நேரே மலையைப் பார்த்துண்டு போறது. ஒரு வளைசல் கிடையாது."

பென்சில் கோடு ஒரு சின்னச் சதுரத்தின் நடுவே நுழைந்து மறுபக்கம் வெளிவந்தது.

"இது யாராத்து?"

"நம்மாம்தான்."

அவள் புக்ககம் வந்த வீடு. கனகா பிறந்த வீடு. பிளேக் வருஷத்தில் இறந்துபோன நாலு வயதுப் பிள்ளையைக் கையில் ஏந்தி அவர் இறங்கிப்போனதும் இந்த வீட்டு வாசலிலிருந்துதான். பத்தடி போனார். சந்து திரும்பிற்று. அதற்கப்புறம் அவள் கண்ணுக்கு எதிர்வீட்டுச் சுவர்தான் மிச்சம்.

"எட்டடி தள்ளப்படாதா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். படம் தானாகச் சுருண்டுகொண்டது. "கோடுன்னா நேராத்தான் போகணும், பாலா."

அன்றோடு பேச்சு நின்றது. அவள் தம்பி பாச்சு வக்கீல் குமாஸ்தா. அவன் ஆட்சேப மனு எழுதிக் கொடுத்தான். அவள் கையெழுத்துப் போட்டாள். மனு போர்டில் கிடந்தது. விசாரணை முடியும்வரை போர்டு அவள் வீட்டைத் தொட முடியாது. கோட்டில் அகப்பட்ட மற்றவர்கள் புதிய பேட்டையில் மனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்குத் தெற்கே, சமையலறைச் சுவரை ஒட்டியிருந்த வீடுகள் மாதக்கணக்காக விழுந்தன. ஒவ்வொரு இடிக்கும் உத்தரத்திலிருந்து மண் உதிர்ந்து ரசத்தில் விழும். அவள் வடித்துவிட்டுப் பரிமாறுவாள். சமையலறைக்குத் தெற்கே ஜன்னல் கிடையாது. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள் கதை கதையாகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று வைராக்கியம்.

சாஸ்திரிகள் வந்ததும் முதலில் நேரம் கேட்டார். அப்புறம் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. மறுபடி விரலை மேலே கொண்டுபோய்க் கீழே இறக்கினார். அங்கேயே நின்றது.

"அவிட்டம், மூணாம் பாதம்."

கூடத்தில் இருந்த பெரியவர்களுக்குப் புரிந்துவிட்டது. யாரோ 'த்ஸொ' கொட்டினார்கள்.

"தனிஷ்டா பஞ்சமி தோஷம்," என்றார் சாஸ்திரிகள் பாலாம்பாளைப் பார்த்து. "வாசல் வழியா எடுத்துண்டு போகப்படாதும்மா. சுவத்தைத் திறந்து, அந்த வழியாத்தான். அப்புறம் ஆறு மாசம் ஆத்தை அடைச்சு வைக்கணும். யாரும் குடியிருக்கப்படாது."

பாச்சு சட்டென்று எழுந்தான். "எந்தச் சுவரை?"

"நீயே பார்த்துக்கோ. கிழக்கும் மேற்கும் பக்கத்தாத்துச் சுவர். வடக்கே வாசல். மிச்சம் என்ன இருக்கு?"

மிச்சம் தெற்குதான் இருந்தது. சமையலறைச் சுவர். அதன் வெளிப்புறத்தில் போர்டு காவியால் குறி போட்டிருந்தது என்றும், அந்தக் குறியைப் போட்டதே கைலாசநாதன்தான் என்றும் சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

பாச்சு அக்காவைச் சமையலறைக்குள் அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நன்னா யோசிச்சுக்கோ. நம்ம கையாலேயே அந்தச் சுவத்தை இடிச்சா மனு அங்கேயே செத்துப்போச்சு. போர்டுக்காரன் நாளைக்கே வந்து, 'நீங்களே திறந்து விட்டுட்டேளே'ம்பான். ஆறு மாசம் ஆமும் பூட்டிக் கிடக்கும். திரும்பி வரச்சே இங்கே குதிரை வண்டி ஓடிண்டிருக்கும்."

"சாஸ்திரிகள் சொல்றாரே."

"பரிகாரம்னு ஒண்ணு இருக்கே! வாசலாலே எடுத்துண்டு போய்ட்டு அப்புறமா சாந்தி பண்ணிக்கலாமாம். கேட்டுட்டேன். நீ சரின்னா அவரும் சரிம்பார்." அவன் சுவரைப் பார்த்தான். "பார்த்தியா உங்காத்துக்காரர் சாமர்த்தியத்தை! ஒன்பது மாசம் வாயைத் திறக்காம இருந்து, கடைசிலே நட்சத்திரம் பார்த்துன்னா போயிருக்கார்! மனுஷன் அளந்து வெச்சிண்டே போனாப்பலே இருக்கு."

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அத்திம்பேரோடு சேர்ந்து தாயம் ஆடாத ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இருந்ததில்லை. மனு எழுதிய ஞாயிற்றுக்கிழமை உள்பட.

பாலாம்பாள் வாசலுக்கு வந்தாள். சித்தையன் கடப்பாரையோடு படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். கௌதள்ளிக் கிராமத்துப் பக்கத்து ஆள். போர்டு வருவதற்கு முன்பிருந்தே, பன்னிரண்டு வருஷமாக, கைலாசநாதனின் அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவன். சுவர் இடிக்க வேண்டும் என்ற சேதி காதில் விழுந்து, யாரும் சொல்லியனுப்பாமலே வந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"சித்தையா."

"அம்மா."

"நீதானே சங்கிலி பிடிச்சே? எட்டடி தள்ளியிருக்கப்படாதா?"

சித்தையன் கடப்பாரையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"தள்ளிப் பாத்தமுங்க அம்மா."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அம்மா கேட்டதுக்கு மக்யா நாளே ஐயா என்னையக் கூப்புட்டாருங்க. ஆபீசு முடிஞ்சு, பொழுது சாயறப்ப, ஏழு நாளு. யாருகிட்டயும் மூச்சு உடப்படாதுன்னு சொல்லிப்போட்டாரு. கெழக்க தள்ளுனா ரங்கம்மா ஊட்டுக் கெணறு மாட்டுச்சுங்க. அந்தச் சந்துக்கே அது ஒண்ணுதானுங்க நல்ல தண்ணி. பிளேக்கு வந்தப்பக்கூட அந்தத் தண்ணி குடிச்சவங்க தப்பிச்சாங்களாமா. மேக்க தள்ளுனா மாதம்மாவோட எருமைக் கொட்டாயும் அதையொட்டி மூணு குடுசையும் போகும். அவுங்களுக்கு மனையும் கெடையாது, பத்திரமும் கெடையாது, மனு எளுதித் தர ஆளும் கெடையாதுங்க. சரி, நம்ம ஊட்டுகிட்ட மட்டும் நெளிச்சு, அந்தாண்ட போயி நேராக்கிக்கலாம்னு பாத்தாரு. நாந்தான் கொடி புடிச்சுட்டு அந்தக் கோடீல நின்னனுங்க. ஐயா தூரம் பாக்குற கொழாய்ல கண்ண வெச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாருங்க. அப்பறம் தலயத் தூக்கி, 'சித்தையா, மலை காணாமப் போயிடுத்துடா'ன்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சங்கிலியச் சுருட்டுன்னாருங்க."

பாலாம்பாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு நாள். அந்த ஏழு நாளும் அவர் இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வந்தார். வேண்டுமென்றே தாமதம் செய்கிறார் என்று அவள் தூணிடம் சொன்னாள். தூணிடமாவது அவர் பதில் சொல்லியிருக்கலாம்.

உள்ளே திரும்பிப் போனவள் கனகலக்ஷ்மியைக் கூப்பிட்டாள். "வா. பலகைச் சாமானை இறக்கணும்."

தெற்குச் சுவர்ப் பலகையிலிருந்து உப்பு ஜாடி, புளிப்பானை, ஆவக்காய்ப் பரணி, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் இருவரும் கூடத்துக்கு மாற்றினார்கள். ஜாடி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம். பாச்சு வந்து நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தான். பிறகு, "பரணியை நான் எடுக்கறேன், நகரு, கனம் ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னான்.

சித்தையன் சமையலறைக்குள் வரமாட்டான். சந்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது.

"அம்மா! தள்ளி நின்னுக்குங்க!"

"இடி" என்றாள் பாலாம்பாள்.

முதல் இடியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் கரி படிந்த பூச்சு பெரிய அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ, கடப்பாரையின் முனை ஒரு விரற்கடை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. அந்த ஓட்டை வழியாக ஒரு வெளிச்சம், கம்பிபோல, நேரே வந்து அடுப்பின்மேல் நின்றது. கனகலக்ஷ்மி தன்னையறியாமல் அதை விரலால் தொடப் போனாள். இருபத்திரண்டு வருஷமாகப் பாலாம்பாள் ஊதி ஊதி எரித்த அடுப்பு. பகலில் அது என்ன நிறம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கறுப்பு என்று நினைத்திருந்தாள். செம்மண் நிறமாக இருந்தது.

நஞ்சன்கூட்டு ரயிலில் மருமகன் வந்து சேர்ந்து, தலைமுழுகி, கர்மங்கள் முடிய நாலு மணியாயிற்று. அதற்குள் ஆள் உயரத்துக்குச் சுவர் திறந்திருந்தது. புழுதி அடங்கும்வரை அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. பொன் நிறமாக ஏதோ கலங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவே. மருமகன் தீச்சட்டியோடு முதலில் தாண்டினான். பின்னால் பாச்சு உள்பட நாலு பேர் பாடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அடுப்பைச் சுற்றி, குனிந்து, இடிந்த மண்ணின்மேல் கால் வைத்து வெளியே போனார்கள்.

பெண்டுகள் கூடத்திலேயே நின்றுவிட்டார்கள். பாலாம்பாள் மட்டும் திறப்பின் விளிம்புவரை வந்தாள்.

புழுதி அடங்கியது.

அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

எதிரே வீடு இல்லை. சுவர் இல்லை. சந்து இல்லை. சிவந்த மண் ஒன்று அவள் காலடியிலிருந்து புறப்பட்டு, அகலமாக, தயக்கமே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. இருபுறமும் பாதி வெட்டிய வீடுகள் தங்கள் உள்ளறைகளைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒன்றில் நீலச் சுண்ணாம்பு, ஒன்றில் விளக்கு மாடம், ஒன்றில் தொட்டில் கொக்கி. நடுவே சுண்ணாம்பு தடவிய முளைக்குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக, கோலப் புள்ளிகளைப் போல, ஒரு மயிரிழை விலகாமல். கடைசி முளை எது என்று கண் தேடிக்கொண்டு போயிற்று. முளை தெரியவில்லை. மலை தெரிந்தது.

எத்தனையோ தடவை அவள் அந்த மலையில் ஏறியிருக்கிறாள். ஆயிரம் படியும் அவள் காலுக்குத் தெரியும். ஆனால் மலை அவளைத் தேடிக்கொண்டு சமையலறைக்கு வந்ததில்லை. மேற்கு வெயில் முழுவதும் அதன் மேலே விழுந்து, பாறை பாறையாக, மரம் மரமாக, உச்சிக் கோபுரம்வரை அது எழுந்து நின்றது. ரோட்டின் நட்டநடுவில். தராசு முள்போல.

அவர் இதை ஒரு காகிதத்தின்மேல் குனிந்து பார்த்திருக்கிறார். சுவர்களுக்குள் நின்றபடியே பார்த்திருக்கிறார்.

அந்தக் கோட்டின்மேல் பாடை போய்க்கொண்டிருந்தது. திரும்பவில்லை. திரும்புவதற்கு எங்கும் மூலை இல்லை. தீச்சட்டியின் புகையும் நேராகவே போயிற்று. மாதம்மாவின் கொட்டகையைத் தாண்டியபோது வாசலில் நின்ற மாதம்மா எருமையின் கயிற்றை விட்டுவிட்டுக் கும்பிட்டாள். ரங்கம்மா வீட்டுக் கிணற்றடியில் குடங்கள் அப்படியே நின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால், கொஞ்சம் விலகி, கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு சித்தையன் நடந்தான். எப்போதும் சங்கிலியின் மறுமுனையில் நடப்பவன் நடக்கிற அதே தூரத்தில்.

சுமப்பவர்கள் சிறுத்தார்கள். பாடை ஒரு வெள்ளைக் கோடாயிற்று. பிறகு ஒரு புள்ளி.

தெற்கிலிருந்து காற்று வந்தது. அடுப்பில் மிச்சமிருந்த சாம்பல் மெல்ல எழும்பிச் சமையலறை முழுவதும் சுற்றிற்று.

கனகலக்ஷ்மி பின்னால் வந்து தோளைத் தொட்டாள். "அம்மா, எல்லாரும் காத்துண்டிருக்கா. ஸ்நானம் பண்ணணும். வா."

பாலாம்பாள் நகரவில்லை. கண்ணுக்குமேல் கையைக் குடைபோல வைத்துக்கொண்டாள்.

"இரு" என்றாள். "இன்னும் தெரியறார்."