கின்கோவும் தோசானும்

சாரல் காலத்தில் குற்றாலத்து விடுதி ஒன்றில் சுகிர்தத்தைப் பெண் பார்க்க வந்த ஆதித்தன், ஜப்பானில் மில் வேலையோடு ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலையும் கற்றவன். அவள் அப்பா ஏசுவடியானும் யுத்தத்துக்கு முன் அங்கே போய் அதையே கற்றவர். அவருடையது பழைய கின்கோ வழி. இவனுடையது பின்னால் வந்த தோசான் வழி.

"கின்கோதான் அசல். உம்மது கலப்படம்னு ஒத்துக்கிடும், பொண்ணைத் தாரேன்" என்றார் ஏசுவடியான்.

ஒத்துக்கொள்ளுங்களேன் என்று சுகிர்தம் கண்ணால் கெஞ்சினாள்.

"பொண்ணு வேணும் மாமா. ஆனா எங்க வாத்தியார் ஊதுனதும் அசல்தான்."

ஏசுவடியான் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஏட்டி, காப்பி கொண்டா! தென்காசி பூரா தேடியும் இதுக்காக எங்கூடச் சண்டை போட ஆள் கிடைக்கல. இந்த மாப்பிள்ளைய விட்ருவேனா?"

"சண்டைய தாலி கட்டுனப்பொறவு வச்சுக்கிடுங்கப்பா" என்றாள் சுகிர்தம்.