யாரும் கேட்காத மன்னிப்பு

ஆஸ்பத்திரி வழக்கில் தீர்ப்பு எழுதுவதற்குள் ஜட்ஜம்மா அந்தக் காகிதக் கட்டை மூன்று முறை படித்துவிட்டார். கடைக்காரம்மாவுக்குச் சாதகமாக ஒரு வரியாவது கிடைக்காதா என்று தேடித்தான் மூன்றாவது முறை படித்தார். கிடைக்கவில்லை.

வழக்கு இதுதான். ஆஸ்பத்திரி வாசலை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. அதை நடத்திவந்தவர் கடை இருந்த இடத்தை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துப் பணமும் வாங்கிக்கொண்டு, வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமலே செத்துப்போயிருந்தார். பத்திரம் பொய் என்று அவர் மனைவி, இந்தக் கடைக்காரம்மா, வழக்குப் போட்டார். கையெழுத்தும் சரியாக இருந்தது, கைரேகையும் ஒத்துப்போனது. ஆறு மாதத்தில் கடையைக் காலி செய்யவேண்டும் என்று ஜட்ஜம்மா புதன்கிழமை தீர்ப்புச் சொன்னார்.

சனிக்கிழமை அவர் குடியிருப்பு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு ஆட்கள் புது வாஷிங் மெஷினை இறக்கி, தெருவே பார்க்க உள்ளே தூக்கிப் போனார்கள்.

ஏழு வருடமாக நீதிபதிகளின் சம்பள உயர்வு ஏதோ ஒரு கமிட்டியின் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. வேலைநிறுத்தம் செய்யவோ, வாய்விட்டுக் கேட்கவோ அவர்களால் முடியாது. ஜட்ஜம்மாவின் முன்னால் குனிந்து வணங்கும் வக்கீல்களில் பாதிப் பேர், அவருடைய மாதச் சம்பளத்தை ஒரு வாரத்தில் பார்த்துவிடுவார்கள். தோள்வலியால் துணி பிழிய முடியாமல் போன பிறகுதான் அவர் தவணைக்கு மெஷின் வாங்கினார்.

ஞாயிறு காலையில் அக்கா போன் செய்தாள்.

"ஏன்டி, வாஷிங் மெஷின் வந்திருக்காமே? ஆஸ்பத்திரி கேஸும் முடிஞ்சிருச்சாமே?"

"ஆமா. ரெண்டுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"என்கிட்ட எதுக்குடி மறைக்கிற? எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை வருஷமா பிழைக்கத் தெரியாதவளா இருந்துட்ட. இப்பவாவது புத்தி வந்துச்சே."

"அக்கா, அது தவணை. இருபத்துநாலு மாசம் கட்டணும்."

"சரி சரி. யாராவது கேட்டா அப்படியே சொல்லு."

ஜட்ஜம்மா போனை வைத்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். பெற்றவர்களுக்குப் பிறகு தன்னைப் படிக்கவைத்த அக்கா, மனசார வாழ்த்தியதற்கு என்ன சொல்வது? எழுந்துபோய் மெஷின் ரசீதைத் தேடி எடுத்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் வைத்துக்கொண்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை தாழ்வாரத்தில் நின்ற வக்கீல்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு வணங்கினார்கள். தன் விலை என்ன என்று கணக்குப் பார்த்து வணங்கியது போலிருந்தது அவருக்கு.

இரண்டு வாரம் கழித்து, காலி செய்யக் கூடுதல் அவகாசம் கேட்டுக் கடைக்காரம்மா மனுப் போட்டிருந்தார். வக்கீலுக்குப் பக்கத்தில் அவரும் வந்து நின்றார். ஜட்ஜம்மா அவரைப் பார்த்து நேராகவே பேசினார்.

"அது உங்க வீட்டுக்காரர் போட்ட கையெழுத்துதான்மா. கைரேகையும் அவரோடதுதான்."

"என்கிட்ட கேக்காம அவர் ஒரு சட்டைகூட எடுத்ததில்லீங்க."

"இருக்கலாம்மா. இதை மட்டும் சொல்லாம விட்டுட்டார்."

கடைக்காரம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு குரலில் ஒரு துளி கோபமும் இல்லாமல் சொன்னார்:

"எனக்கு உங்க மேல வருத்தம் இல்லீங்கம்மா. நீங்களும் புள்ளகுட்டிக்காரங்க. கவர்மெண்ட் குடுக்குறது எந்த மூலைக்குப் பத்தும்? நான் உங்கள மன்னிச்சிட்டேன்."

ஆஸ்பத்திரி வக்கீல் துள்ளி எழுந்தார். "இது கோர்ட்டை அவமதிக்கிற பேச்சு!"

ஜட்ஜம்மா கையசைத்து அவரை உட்காரவைத்தார். மறு கை, மேசைக்கடியில் இருந்த பைமேல் போயிருந்தது. ரசீதை எடுத்துக் காட்டலாம். ஆனால் இன்று மெஷினுக்குக் காட்டினால், நாளை மகள் போடும் செருப்புக்கும் காட்டவேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் நம்புகிறவர்தான் நம்புவார். கையை எடுத்துவிட்டார்.

"மேல்முறையீடு பண்ணுங்கம்மா. இன்னொரு ஜட்ஜ் பார்க்கட்டும். ஃபீஸ் இல்லாம வக்கீல் ஏற்பாடு பண்ணச் சொல்றேன். மூணு மாசம் கூடுதலா தர்றேன்."

"நல்லா இருங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார் கடைக்காரம்மா. அன்று மிச்சமிருந்த வழக்குகளில் யார் என்ன பேசினார்கள் என்பதை ஜட்ஜம்மா ஒவ்வொருமுறையும் இரண்டாம் தடவை கேட்டுத்தான் எழுதினார்.

மேல்முறையீடு முடிய ஒன்றரை வருடம் ஆனது. பெஞ்ச் கிளார்க்தான் செய்தி கொண்டுவந்தார்.

"நீங்க எழுதுனதையே மேல் கோர்ட்லயும் உறுதி பண்ணிட்டாங்கம்மா. ஒரு வார்த்தைகூட மாத்தல."

"அந்தம்மா?"

"கடையை எடுத்துட்டாங்க. இப்போ மருமக வீட்டோட இருக்காங்களாம்."

"வெளியில என்ன பேசிக்கிறாங்க?"

கிளார்க் கட்டுகளை அடுக்குவது போல் நேரம் கடத்தினார். "மேல் கோர்ட்ல ரேட்டு இன்னும் கூடன்னு பேசிக்கிறாங்கம்மா."

ஜட்ஜம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அடங்கிப்போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். வெளியே, ஒரு பொதுச் சுவருக்காகப் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து காத்திருந்தார்கள். அவர்களுடைய கட்டை இழுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.